ஒன்றாம் வகுப்புக்கு முன்பே காலியான பள்ளி: ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் 3 ஆண்டுகள்

இது ஒரு நிகழ்வு ஆய்வு. 2022 ஜூன் முதல் 2025 செப்டம்பர் வரை ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். அங்கே பார்த்ததையும் செய்ததையும் தவறியதையும் நடந்த வரிசையில் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இதில் இல்லை. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் சிறு பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் அங்கே மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்பதே எண்ணம்.

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் நிறைந்த பகுதி அது. ஊரில் சுமார் 210 வீடுகள். மானாவாரி நிலம், கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் பூ. பெண்களில் பெரும்பாலோர் மில் வேலைக்குப் போகிறார்கள், மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கு. காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் மில் பேருந்து 5:15-க்கே ஊர் முக்கில் வந்து நிற்கும். ஊர்த்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். பள்ளி காலனியை ஒட்டி இருக்கிறது.

நான் பொறுப்பேற்றபோது 5 வகுப்புகளுக்கும் சேர்த்து 11 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் ஒரே ஒரு சிறுமி. பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். 1994-ல் அதே பள்ளியில் 118 பேர் இருந்திருக்கிறார்கள். அப்போது படித்தவர்களில் சிலர்தான் இப்போது தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

இந்தக் குறைவில் பள்ளியின் குற்றம் எவ்வளவு, ஊரே சுருங்கியது எவ்வளவு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-ல் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி, 1.4. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இதையே கண்ணால் பார்க்க முடிந்தது: 2012-ல் அந்த ஊரில் 14 பிறப்புகள், 2021-ல் 7. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் எங்களிடமே வந்தாலும் 5 வகுப்புக்கும் சேர்த்து 40 பேர் அளவில்தான் இருக்கும். 118 என்ற எண் இனி வரப்போவதில்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். எங்களுக்கும் ஏட்டில் 2 பேர்தான். ஆனால் 2022 ஆகஸ்டில், 11 பிள்ளைகளுக்கு ஒருவர் போதும் என்று உதவி ஆசிரியரை மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கல்வியாண்டு முழுக்க நான் ஒருத்திதான் இருந்தேன். பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போகும் நாளில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து யாராவது வந்து உட்காருவார்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியரை எடுக்கிறார்கள், ஆசிரியர் இல்லையென்றால் பிள்ளை இன்னும் குறைகிறது. சிறு பள்ளிகள் கண்முன்னே தேய்வது இப்படித்தான்.

முதல் ஆண்டு: கேட்காமலே செய்தவை

பெற்றோர் தனியார் பள்ளிக்குப் போவது இங்கிலீஷ் மீடியத்துக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். நான் மட்டுமல்ல, எங்கள் ஒன்றியத்தில் பெரும்பாலோரின் நம்பிக்கையும் அதுதான். அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13 முதலே பரவலாக வந்துவிட்டன. எங்கள் பள்ளியிலும் ஆங்கிலவழி உண்டு என்று பெரிய எழுத்தில் பேனர் அடித்து வாசலில் கட்டினேன்.

2023 ஏப்ரலில் சேர்க்கை ஊர்வலம் நடத்தினோம். மேளம் வைத்தோம். ஊர்க்காரர்கள் தட்டுகளில் கல்விச் சீர் கொண்டுவந்தார்கள். நாற்காலி, மின்விசிறி, பீரோ, நோட்டுகள் என்று வந்த பொருள்கள் இன்றும் பள்ளியில் பயன்படுகின்றன. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர், புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். அதையும் நோட்டீஸில் போட்டோம்.

ஜூனில் ஒன்றாம் வகுப்பில் 2 பேர் சேர்ந்தார்கள். இருவருமே எப்படியும் எங்களிடம் வந்திருக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு முடித்த 4 பேர் போனதைக் கழித்தால் மொத்தம் 9. ஜூலையில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். 8 ஆனது.

அந்தத் தாயிடம் ஏன் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அன்றிரவே நோட்டில் எழுதி வைத்தேன்: "டீச்சர், நீங்க நல்லாத்தேன் சொல்லிக் குடுக்குறீங்க. ஒரு குறையும் இல்ல. ஆனா நாலு மணிக்கு விட்டுட்டா நான் மில்லுல இருந்து வர்ற வரைக்கும் எம்புள்ள ரோட்டுல நிக்குது. பொம்பளப் புள்ள. வேன்ல போனா அஞ்சேகாலுக்குத்தேன் வரும், நானும் அப்பத்தேன் வருவேன்."

இங்கிலீஷ் என்ற சொல்லே அவர் பேச்சில் வரவில்லை. ஓர் ஆண்டாக நான் யாரிடமும் எதையும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீடு வீடாகக் கேட்டது

2023 ஜூனில், மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டுத் தொடர்ந்து மனுக் கொடுத்ததால், உதவி ஆசிரியர் திரும்பி வந்திருந்தார். அவரும் நானும் குழுத் தலைவியும் ஜூலை முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமை காலையிலும் மற்ற நாள்களில் இரவு 7 மணிக்கு மேலும் வீடு வீடாகப் போனோம். தலைவியும் மில் வேலைக்குப் போகும் பெண்தான். பேச்சு திறந்தது பெரும்பாலும் அவரால்தான். நாங்கள் இருவர் மட்டும் போன வீடுகளில் காபி கிடைத்தது, உண்மை கிடைக்கவில்லை.

"பிள்ளையை எங்கே சேர்ப்பீர்கள்" என்று கேட்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். கேட்டது ஒன்றுதான்: நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு வரை உங்கள் பிள்ளை எங்கெங்கே, யாரோடு இருந்தது?

ஊரில் 5 முதல் 10 வயதுக்குள் 41 பிள்ளைகள். எங்களிடம் 8, பக்கத்து ஊர் அரசு உதவி பெறும் பள்ளியில் 4, தனியார் பள்ளிகளில் 29. இந்த 29 பேர் எந்த வயதில் அங்கே சேர்ந்தார்கள் என்று தனியாக எழுதினோம். 26 பேர் எல்.கே.ஜி.யிலேயே சேர்ந்துவிட்டவர்கள். ஒன்றாம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ போனவர்கள் 3 பேர் மட்டும்.

நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் 5 வயதுப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை 2 ஆண்டுகளுக்கு முன்பே வேன் ஏறிவிட்டிருந்தது. அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், மிஸ் பெயர் தெரியும், சீருடை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வர வேண்டும்?

இதில் என்னை மிகவும் வாட்டியது இன்னொன்று. 29 பேரில் 5 பேர், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடத்தில் படிப்பவர்கள். அந்தக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்க அரசு பணம் தருகிறது, ஆனால் அதே பிள்ளையின் தெருவிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி. கிடையாது. 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிகள் அந்தப் பட்டியலில் வரவில்லை. 25 விழுக்காட்டு இடத்தில் படிக்கும் பிள்ளைகளின் வாய்ப்பைக் குறை சொல்லவில்லை. அவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், அது அவர்களுடைய உரிமை. அரசு தன் சொந்தப் பள்ளியின் வாசலை 2 ஆண்டு தாமதமாகத் திறக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

மற்ற காரணங்களும் வந்தன. "ஒரு டீச்சர்தேன் இருக்காங்க, அஞ்சு கிளாசுக்கும் அவங்கதேன்" என்று பலர் சொன்னார்கள். அது முந்தின ஆண்டின் உண்மை. உதவி ஆசிரியர் திரும்பி வந்தது ஊருக்குத் தெரியவே இல்லை. தனியார் பள்ளிக்கு வேன் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் செலவாகிறது என்றார்கள். பல வீடுகளில் மகளிர் குழுக் கடன் வாங்கித்தான் அதைக் கட்டுகிறார்கள். பணம் கொடுத்தாவது அனுப்புகிறார்கள் என்றால், அங்கே கிடைக்கும் ஏதோ ஒன்று எங்களிடம் இல்லை என்றுதான் பொருள்.

ஒரு வீட்டில் ஒரு தந்தை என்னிடம் நேராகவே கேட்டார்: "உங்க பையன் எங்க டீச்சர் படிக்கிறான்?" என் மகன் அப்போது திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நான் அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் சாதி. எங்களிடம் இருந்த 8 பேரில் 7 பேர் காலனிப் பிள்ளைகள். ஊர்த்தெருவில் சில வீடுகளில் "சுத்தம்", "பழக்கவழக்கம்" என்ற சொற்கள் வந்தன. அதற்கு என்ன பொருள் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அரசுப் பள்ளியின் சரிவைப் பற்றிப் பேசும்போது கட்டடம், ஆசிரியர், மொழி என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுகிறோம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எடுத்த முடிவுகள்

கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2023 ஆகஸ்ட் 25 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவானது. எங்களிடமும் சமையல் தொடங்கியது. தாய் 5:15-க்கு மில் பேருந்து ஏறிவிட்டால் பிள்ளைக்குக் காலைச் சோறு யார் போடுவது என்ற கேள்வி பல வீடுகளில் இருந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அதைத் தீர்த்தன. பிள்ளைகள் 8:15-க்கே வந்தார்கள். 1956-ல் காமராசர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, இப்போது காலை உணவு. ஒவ்வொன்றும் வீட்டில் இருந்த ஓர் இடைவெளியை அடைத்தே பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. காலை அடைபட்டதும், திறந்தே கிடக்கும் மாலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

சமைத்த மகளிர் குழுப் பெண் காலனியைச் சேர்ந்தவர். 2 வீடுகளில் இருந்து, வேறு ஆள் வைத்தால் பிள்ளையை அனுப்புகிறோம் என்று தூது வந்தது. மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசினோம். பேச்சு நீளவில்லை. சமையல்காரர் மாறமாட்டார் என்று முடிவானது. அந்த 2 பிள்ளைகளும் கடைசிவரை வரவில்லை. இந்த ஆய்வில் வரும் முடிவுகளில், மறுபடி யோசிக்கத் தேவையே இல்லை என்று நான் நினைப்பது இது ஒன்றுதான்.

அடுத்தது மாலை நேரம். பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் ஊரில் இருந்தார். பி.காம். முடித்த பெண், தன் வீட்டுத் திண்ணையில் மாலை 6 மணிக்கு மையம் நடத்திவந்தார். அதைப் பள்ளி வராந்தாவுக்கு மாற்றி, 4:15 முதல் 5:45 வரை நடத்த முடியுமா என்று கேட்டோம். 2023 நவம்பரில் தொடங்கியது. பிள்ளை பள்ளியைவிட்டு வெளியே போகாமலே, அதே பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் முடிக்கும், விளையாடும். தாய் மில்லிலிருந்து வந்து நேராக அழைத்துப் போவார். நானும் உதவி ஆசிரியரும் வாரத்துக்கு 2 நாள் வீதம் முறை வைத்துக்கொண்டு கூட இருந்தோம். எமிஸ் எனும் கல்வித் துறையின் இணையதளப் பதிவுகளை அந்த நேரத்தில் செய்வது என்று வைத்துக்கொண்டதால், வகுப்பு நேரத்தில் கையில் செல்பேசியோடு உட்காருவது பெரும்பாலும் நின்றது.

2024 கோடையில் மையங்களைக் குறைத்தபோது எங்கள் ஊர் மையமும் நின்றது. தன்னார்வலருக்குக் கிடைத்துவந்த மாதம் 1,000 ரூபாயும் நின்றது. பெற்றோர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு நடத்தலாம் என்று குழுவில் பலர் சொன்னார்கள். அவர்களே முன்வந்து சொன்னதுதான். ஆனால் ஒரு தாய் எழுந்து, "என்னால முடியாது, அப்ப எம்புள்ள நாலு மணிக்குப் போகணுமா?" என்று கேட்டார். அதோடு அந்த யோசனையை விட்டோம். அரசுப் பள்ளி வராந்தாவில் காசு கொடுத்தவர் பிள்ளை, கொடுக்காதவர் பிள்ளை என்ற பிரிவு வந்துவிடக் கூடாது. திருப்பூரிலுள்ள முன்னாள் மாணவர்களிடம் பேசினேன். சேர்க்கைக்கு 1,000 ரூபாய் தருவதற்குப் பதில் மாதம் 2,000 ரூபாய் மேலாண்மைக் குழுவின் கணக்கில் போடுங்கள், அதிலிருந்து தன்னார்வலருக்குக் கொடுக்கிறோம் என்று. ஒப்புக்கொண்டார்கள்.

அங்கன்வாடி

எல்.கே.ஜி. இல்லாத பள்ளியில் 3 வயதுப் பிள்ளைக்கு என்ன வழி? அங்கன்வாடிதான். ஆனால் அது சமூக நலத்துறையின் கீழ் வருவது, பள்ளி வேறு துறை. இடமும் ஊரின் மறுகோடியில், கோயில் பக்கம். பட்டியலில் 11 பிள்ளைகள், வருவது ஐந்தோ ஆறோ. சத்துமாவு வாங்கும் இடம் என்றுதான் ஊர் அதை நினைத்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய பட்டியல். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் 3 பேர் இறந்தார்கள். அதன்பின் மாநிலமெங்கும் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். எங்கள் ஊர் அங்கன்வாடிக் கட்டடமும் அதில் இருந்தது. மையம் சமுதாயக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது, திருமணம் வந்தால் மையத்துக்கு விடுமுறை. எங்களிடம் 2 வகுப்பறைகள். 8 பிள்ளைகளுக்கு ஒன்று போதும். புதுக் கட்டடம் வரும்வரை தற்காலிகமாக மற்ற அறையில் மையம் நடக்கட்டும் என்று அங்கன்வாடிப் பணியாளரும் நாங்களும் சேர்ந்து 2 துறைகளுக்கும் எழுதினோம். 2024 ஜனவரியில் அனுமதி வந்தது.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் ஒன்றாம் வகுப்போடு உட்கார்ந்து பாட்டு, கதை, களிமண் என்று இருப்பார்கள். மதியம் எல்லாரும் ஒரே வரிசையில் சாப்பிடுவார்கள். ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்று பெற்றோரே கேட்டு, தைத்தும் கொடுத்தார்கள். சட்டை வந்த வாரமே வருகை கூடியது. "ஸ்கூலுக்குப் போறான்" என்று பாட்டிமார் சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை "பால்வாடிக்குப் போறான்" என்பதுதான் பேச்சு.

ஊர்த்தெருவிலிருந்து காலனிப் பக்கம் பிள்ளையை அனுப்ப 3 வீடுகள் மறுத்தன. ஒரு வீட்டில் பாட்டிக்கும் மருமகளுக்கும் சண்டையே நடந்தது. 2 மாதம் கழித்து மருமகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மற்ற 2 வீடுகளும் வரவில்லை.

2024 செப்டம்பரில் புதிய அங்கன்வாடிக் கட்டடத்துக்கு அனுமதி வந்தது என்று தெரிந்தது. இடம், பழையபடி கோயில் பக்கம். கட்டி முடித்தால் மையம் அங்கே போய்விடும். அக்டோபர் 2 கிராம சபையில் பெற்றோர் இதை எழுப்பினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பேசவில்லை, பேசுவது முறையுமில்லை. முக்கால் மணி நேரம் வாக்குவாதம். கோயில் பக்கம்தான் வேண்டும் என்று நின்றவர்களும் இருந்தார்கள். கடைசியில் பள்ளி வளாகத்திலேயே கட்ட வேண்டும் என்று பெரும்பான்மையோடு தீர்மானம் நிறைவேறியது. 2025 பிப்ரவரியில் வளாகத்தில் அளவெடுத்தார்கள், ஆகஸ்டில் அடித்தளம் போட்டார்கள்.

படிப்பு

இதைக் கடைசியில் எழுதுவதால் முக்கியம் குறைவு என்று நினைக்க வேண்டாம். நேரத்துக்கும் சோற்றுக்கும் வரும் பிள்ளை படிக்காமல் போனால் அடுத்த ஆண்டே ஊர் கைவிட்டுவிடும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. 2023 ஜூலையில் இரண்டு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருந்த 6 பேரில், ஒரு பத்தியைத் தடுமாறாமல் படித்தவர்கள் 2 பேர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருவோம். 5 வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. எத்தனையாவது வகுப்பு என்பது பின்னுக்குப் போய், எந்த நிலை என்பது முன்னுக்கு வருகிறது. உதவி ஆசிரியர் வந்ததால்தான் அதை ஒழுங்காகச் செய்ய முடிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை 5:30-க்கு, தாய்மார் அழைக்க வரும் நேரத்தில், 2 பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படிப்பார்கள். பாடப்புத்தகமாகவும் இருக்கலாம், தினசரியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 4 வரி. கூட்டம் என்று அழைத்தால் வராத பெற்றோர், பிள்ளையை அழைக்க வந்த இடத்தில் நின்று கேட்டார்கள். 2025 மார்ச்சில் இரண்டு முதல் ஐந்து வரை இருந்த 9 பேரில் 7 பேர் பத்தி படித்தார்கள். மீதி 2 பேரில் ஒருவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். சிறப்பாசிரியர் வந்து பார்க்க 7 மாதம் ஆனது.

அதன்பின் நடந்தவை

2024 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் 5 பேர் சேர்ந்தார்கள். அதில் 4 பேர் அங்கன்வாடியிலிருந்து வந்தவர்கள். தனியார் பள்ளியிலிருந்து 3 பேர் மாறி வந்தார்கள். மொத்தம் 14. 2025 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் 6, மாறி வந்தவர் 1, மொத்தம் 19. அங்கன்வாடியில் 15.

இந்த எண்களில் எங்கள் வேலை அல்லாததும் கலந்திருக்கிறது. தனியார் பள்ளியிலிருந்து வந்த 3 பேரில் 2 பேர் உடன்பிறந்தவர்கள். தந்தை விபத்தில் அடிபட்டுக் கட்டணம் கட்ட முடியாமல் வந்தார்கள். 2025-ல், பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்த சிக்கலில், 25 விழுக்காட்டு இடச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. அதற்குக் காத்திருந்த 3 குடும்பங்கள் பிள்ளைகளை அங்கன்வாடிக்கு அனுப்பின. சேர்க்கை திறந்திருந்தால் அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2025 ஜூலைக் கலந்தாய்வில் உதவி ஆசிரியர் தன் சொந்த ஒன்றியத்துக்கு மாறுதல் பெற்றார். அது அவர் உரிமை. 9 ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்து இருந்தவர். ஆனால் அந்த இடத்துக்கு ஆள் வர 2 மாதமானது. 19 பிள்ளைகளோடு மறுபடி நான் ஒருத்தி. ஆகஸ்டில் ஒரு தாய் வந்து, "திரும்ப ஒரு டீச்சர்தானா?" என்று கேட்டார். செப்டம்பரில் புதிய ஆசிரியர் வந்தார். அதே மாதம் எனக்கும் மாறுதல் வந்தது.

தன்னார்வலருக்கு மில் அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது. இப்போது வாரத்தில் 2 நாள் மட்டுமே மாலை மையம் நடப்பதாகக் கேள்வி.

மாற்றிச் செய்வதென்றால்

முதல் ஆண்டை வீணாக்கியிருக்கமாட்டேன். சேர்ந்த ஜூனிலேயே வீடுகளுக்குப் போயிருக்க வேண்டும். பேனருக்கும் மேளத்துக்கும் செலவான உழைப்பில் ஊர் முழுவதையும் 2 முறை கேட்டிருக்கலாம். சேர்க்கைக்குப் பணம் என்று நோட்டீஸில் போட்டதையும் இன்று செய்யமாட்டேன். பிள்ளையை இழுக்கக் காசு கொடுக்கும் பள்ளி என்ற பேச்சு ஓராண்டு ஓடியது, அதைக் கேட்டுக் கூசியவர்களும் ஏற்கெனவே எங்களிடம் பிள்ளை படித்த பெற்றோர்தான்.

மாலை மையத்தை ஒரே பெண்ணின் தோளில் வைத்தது தவறு. தொடங்கிய மாதத்திலேயே இன்னொருவரையும் பழக்கியிருக்க வேண்டும். ஆசிரியர் மாறுதல் எப்போதும் வரும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் எந்த ஷிப்ட், யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதெல்லாம் என் தலையிலும் உதவி ஆசிரியர் தலையிலும்தான் இருந்தது. அவர் போனபோது பாதி போனது. கடைசி 2 வாரம் உட்கார்ந்து, மீதியை ஒரு நோட்டில் எழுதிப் புதியவரிடம் கொடுத்தேன்.

சாதியைப் பொறுத்தவரை, மறுத்த வீடுகளுக்கு நாங்கள் திரும்பப் போகவே இல்லை. கோபத்தில் விட்டுவிட்டோம். சமையல்காரர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதது சரி. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து விட்டுவிட்டது சரியில்லை.

அரசுக்கு ஒன்று சொல்ல முடிந்தால், தொடக்கப் பள்ளி வளாகம் ஒவ்வொன்றிலும் 3 வயதிலிருந்தே பிள்ளைக்கு இடம் வேண்டும் என்பேன். அங்கன்வாடியாகவோ எல்.கே.ஜி.யாகவோ, பெயர் எதுவாகவும் இருக்கட்டும். எங்கள் ஊரில் அது நடந்தது, ஒரு கட்டடம் இடியும் நிலையில் இருந்ததால் மட்டுமே. 2 துறைகளின் கையெழுத்துக்கு 3 மாதம் அலைந்தோம். கூடவே, பிள்ளை 15-க்குக் கீழே போனாலும் இரண்டாம் ஆசிரியரை எடுக்கக் கூடாது.

இப்போது வேறொரு ஒன்றியத்தில் இருக்கிறேன். இந்தப் பள்ளியில் 17 பிள்ளைகள். சேர்ந்த முதல் வாரமே கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்த்து, கடந்த 4 ஆண்டுகளில் ஊரில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று கேட்டேன். பதிவேட்டைப் புரட்டி எண்ணிச் சொன்னார்: 23. எந்தெந்த வீடு என்று எழுதிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை முதல் தெருவில் தொடங்குகிறோம்.